விரல் கிளிப்பில் 99

பாலக்காட்டில் ஒரு நியூரோ ஐசியுவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், வார்டில் மலையாளம், கேஸ் ஷீட்டில் இங்கிலீஷ். எங்களிடம் வரும் தலைக்காயங்கள் பெரும்பாலும் இரண்டு வகை: வாளையாறு நெடுஞ்சாலையில் பைக்கோடு விழுந்தவர்கள், கள் இறக்க மரம் ஏறித் தவறியவர்கள். எங்கள் சித்தூர் தாலுகா (ஆந்திராவின் சித்தூர் இல்லை) முழுக்கத் தென்னையும் கள்ளும்தான்.

கோவிட்டுக்கு அப்புறம் விரலில் மாட்டும் கிளிப்பின் எண் எல்லாருக்கும் மனப்பாடம். பைஸ்டாண்டராக (நோயாளிக்குத் துணையாக) உள்ளே வருகிறவர் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே மானிட்டரைப் பார்த்துவிடுகிறார். “ஆக்சிஜன் 99 இருக்கே சிஸ்டர், அப்புறம் ஏன் கண்ணத் தொறக்கல?”

நியாயமான கேள்வி. ஆழியாறு அணை நிரம்பிவிட்டது என்று பேப்பரில் போட்டால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதாக அர்த்தமா என்று நான் திருப்பிக் கேட்பேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. கிளிப் சொல்வது விரல் ரத்தத்தின் கணக்கு. அடிபட்டு வீங்கிய மூளைக்குள் அந்த ரத்தம் எவ்வளவு போகிறது, அதிலிருந்து ஆக்சிஜன் திசுவுக்கு எவ்வளவு இறங்குகிறது என்பது வேறு கணக்கு.

ஆம்புலன்ஸிலிருந்து இறக்கும்போது இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். கூட வருகிற பையன் பதற்றத்தில் ஆம்பு பையை (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) இடைவிடாமல் அமுக்கிக்கொண்டே ஓடி வருவான். கிளிப்பில் 100 இருக்கும். ஆனால் அந்த வேகத்தில் ரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும்; அது குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். மண்டைக்குள் அழுத்தம் கொஞ்சம் தணியும், கூடவே மூளைக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறையும். “மெதுவா, மெதுவா” என்று சொல்லி அவன் கையிலிருந்து பையை வாங்குவதுதான் காஷுவல்டியில் நான் செய்யும் முதல் வேலை.

மூளைத் திசுவின் ஆக்சிஜனையே நேராக அளக்கும் கருவி உண்டு. மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு, நூல் போன்ற ஒரு சென்சாரை மூளையின் வெள்ளைப் பகுதிக்குள் இறக்குவார்கள். 20 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே போனால் அபாயம் என்று வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் யூனிட்டில் அது இல்லை. மண்டைக்குள் அழுத்தம் அளக்கும் கருவியே எல்லாருக்கும் போடுவதில்லை. ஆனாலும் இந்த ஆராய்ச்சிகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு.

அமெரிக்காவில் பூஸ்ட்-2 என்று ஒரு ஆய்வு. முடிவு 2017இல் வந்தது. 10 ஐசியுக்கள், 119 நோயாளிகள். ஒரு குழுவுக்கு மண்டைக்குள் அழுத்தத்தை மட்டும் பார்த்துச் சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு அழுத்தம், ஆக்சிஜன் இரண்டையும் பார்த்து. ஆக்சிஜன் குறைந்தால் செய்ய வேண்டியதெல்லாம் நமக்குத் தெரிந்தவைதான்: வென்டிலேட்டரில் ஆக்சிஜனைக் கூட்டுவது, பிபியை ஏற்றுவது, கார்பன் டை ஆக்சைடை அதிகம் குறையவிடாமல் பார்ப்பது, ஜுரத்தை அடக்குவது, ரத்தம் குறைவாக இருந்தால் ஏற்றுவது. அழுத்தத்தை மட்டும் பார்த்த குழுவில் மூளையின் ஆக்சிஜன் 20க்குக் கீழே கிடந்தது 45 சதவீத நேரம். இரண்டையும் பார்த்த குழுவில் 16 சதவீதம்.

அதில் ஒன்று என்னை உறுத்தியது. அழுத்தம் மட்டும் பார்த்த குழுவுக்கும் ஆக்சிஜன் சென்சார் பொருத்தியிருந்தார்கள். அது காட்டும் எண்ணைச் சிகிச்சை தருகிறவர்கள் பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டார்கள். ஒரு நர்ஸாக நினைத்துப் பாருங்கள்: கட்டிலுக்குப் பக்கத்திலேயே அந்த எண் ஓடிக்கொண்டிருக்கிறது, எட்டிப் பார்க்கக் கூடாது. என்னால் அந்த ஷிப்ட் பார்த்திருக்க முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் மறைக்காமல் இருந்திருந்தால் அந்த 45ஐயும் 16ஐயும் ஒப்பிட வழியே இருந்திருக்காது. அந்த எண்ணைத் திருத்துவதால் ஆள் பிழைத்து நடமாடுவானா என்பதும் அப்போது யாருக்கும் தெரியாது.

நடமாடுவானா என்ற கேள்விக்கு பூஸ்ட்-2 பதில் சொல்லவில்லை. நல்ல அறிகுறி தெரிந்தது, ஆனால் உறுதி சொல்லும் அளவுக்கு அது பெரிய ஆய்வில்லை. 2023இல் பிரான்ஸிலிருந்து ஆக்ஸி-டிசி என்ற இதே மாதிரி ஆய்வின் முடிவு வந்தது. 25 மையங்கள், 318 பேர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது மோசமான நிலையில் இருந்தவர்கள் ஆக்சிஜனும் பார்த்த குழுவில் 51 சதவீதம், மற்றதில் 52. வித்தியாசமே இல்லை. எங்கள் ரெஜிஸ்ட்ரார் டாக்டர் ஒருவர் “நல்லது, லட்சக்கணக்கில் செலவு மிச்சம்” என்று சிரித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 318 பேரை வைத்து இந்த விஷயத்தில் கதவைச் சாத்திவிட முடியாது. அதனால்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூஸ்ட்-3ஐ 1,094 பேர் கணக்கில் திட்டமிட்டார்கள்.

2012இல் பொலிவியாவிலும் ஈக்வடாரிலும் 324 பேரிடம் நடந்த ஆய்விலும் இதே கதைதான். அழுத்தக் கருவி வைத்துச் சிகிச்சை செய்ததும், அது இல்லாமல் உடல் பரிசோதனையையும் சிடி ஸ்கேனையும் வைத்துச் செய்ததும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. உடனே “கருவியே வேண்டாம்” என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கருவி இல்லாத குழுவையும் அங்கே யாரும் சும்மா விட்டுவிடவில்லை என்பதை அவர்கள் படிக்கவில்லை. குறித்த நேரத்தில் சிடி, திரும்பத் திரும்பக் கண்மணிப் பரிசோதனை, எழுதிவைத்த முறைப்படி மருந்து. எங்களைப் போன்ற யூனிட் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தப் பகுதியைத்தான்.

எனக்கு அந்த ஆய்வுகளின் மேல் பொறாமை உண்டு. சென்சாருக்காக இல்லை, ஆறாம் மாதத்துக்காக. இறப்பிலிருந்து முழுக் குணம் வரை எட்டுப் படி கொண்ட ஓர் அளவுகோலை வைத்துக் கேட்கிறார்கள். பகலில் எட்டு மணி நேரம் வீட்டில் தனியாக விட முடியுமா? தானே கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி, காசுக் கணக்குப் பார்த்துத் திரும்புவாரா? துணை இல்லாமல் உள்ளூரில் போய்வருவாரா? பழைய வேலைக்குப் போகிறாரா? கண்ணைத் திறந்தார், ட்யூப் எடுத்தாயிற்று, டிஸ்சார்ஜ் என்பதோடு எங்கள் கணக்கு முடிந்துவிடும். அதற்கு அப்புறம் அவர் வேலந்தாவளத்திலோ பொள்ளாச்சியிலோ திண்ணையில் உட்கார்ந்திருப்பதை யார் எழுதினார்கள்?

எங்கள் சீஃப் டாக்டரிடம் சொன்னேன். ஓ.பி.க்கு வராதவர்களுக்கு ஃபோன் செய்து இந்தக் கேள்விகளைக் கேட்கலாம் என்று ஒத்துக்கொண்டார். தமிழில் கேட்க வேண்டிய வீடுகள் என் பங்கு. மரத்திலிருந்து விழுந்த ஒருவரின் மனைவி எடுத்தார். “நல்லா இருக்காருங்க சிஸ்டர், ஒரு குறையும் இல்ல.” சரி, கடைக்குப் போவாரா என்று கேட்டேன். “போவாரு. நூறு ரூபா குடுத்தா மீதி வாங்காம வந்துருவாரு. கடைக்காரண்ணன் எழுதி வச்சுக்குவாரு.” எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் அவருக்கு நரம்புக் குறைபாடு ஏதும் இல்லை என்றுதான் எழுதியிருந்தது. அளவுகோல்படி அவர் மோசமான பாதியில் வருகிறார்.

இதைச் செய்வதில் பெரிய தொல்லை ஃபோன் நம்பர்தான். அட்மிஷனில் தருவது பெரும்பாலும் லாரி முதலாளியின் நம்பர், இல்லையென்றால் தூக்கிக்கொண்டு வந்த ஆட்டோக்காரருடையது. ஆறு மாதம் கழித்து அதில் கூப்பிட்டால் “யாரு? ராங் நம்பர்” என்கிறார்கள். அதனால் இப்போது அட்மிஷன் ஷீட்டின் ஓரத்தில் கையால் மூன்று கோடு போட்டு வாங்கிக்கொள்கிறோம்: வீட்டிலுள்ள ஒரு பெண்ணின் நம்பர், பக்கத்து மளிகைக் கடையின் நம்பர், வீட்டில் பேசும் மொழி. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஃபார்மில் இல்லாததை ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். அடுத்த தடவை ஃபார்ம் அச்சடிக்கும்போது சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறோம்.