கணுக்காலோடு நின்றுபோன டாப்ளர்

காலின் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனுக்குப் போகிறவர்கள், வீட்டை விட்டுக் கிளம்பும் முன் டாக்டர் எழுதிய சீட்டைப் படித்துவிடுங்கள். என் சீட்டில் 'டாப்ளர், இடது கால்' என்று மட்டும் இருந்தது. ஆர்ட்டரியா (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) வெயினா (இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) என்று இல்லை. ஸ்கேன் சென்டரில் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அவர்களாகவே ஆர்ட்டரி டாப்ளர் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டு மாவுக்கட்டு போட்டிருந்தேன். கட்டைப் பிரித்த பிறகு உள்ளங்காலில் வலி பிடித்துக்கொண்டது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்து, "எலும்பு நல்லா கூடியிருக்கும்மா, இது சாதாரண குதிகால் வலி" என்று சிலிகான் பட்டை எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், ரத்தக்கட்டி தெரியாது. குதிகால் வலி என்றால் காலையில் எழுந்து வைக்கிற முதல் அடியில் உயிர் போகும், நடக்க நடக்கக் கொஞ்சம் விடும். எனக்குத் தலைகீழ். நிற்க நிற்க ஏறியது, சாயங்காலம் பாதம் பளபளவென்று வீங்கியது. அத்தை வேறு தைலமும் கையுமாக நீவி விட உட்கார்ந்துவிட்டார்கள். நல்லவேளை, வலி பொறுக்காமல் நான் விடவில்லை. ரத்தக்கட்டி சந்தேகம் இருக்கிற காலை நீவவே கூடாது என்று பொது மருத்துவர் பிறகு கண்டிப்பாகச் சொன்னார்.

அந்தப் பொது மருத்துவரைத்தான் நான் கும்பிட வேண்டும். டேப் எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தார். பெரிய வித்தியாசம் இல்லை, 3 செ.மீ.க்கு மேல் இருந்தால்தான் கணக்கில் எடுப்பார்களாம். ஆனாலும் மாவுக்கட்டு போட்டு அசையாமல் கிடந்த கால் என்பதால் ரத்தக்கட்டி கரையும்போது ரத்தத்தில் சேரும் பொருளை அளக்கும் டி-டைமர் பரிசோதனையும் டாப்ளரும் எழுதினார்.

டி-டைமர் ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் ஒரு கூத்து. 1.8 என்று இருந்தது. கொழுந்தனார் போனில் தேடிப் பார்த்து, "500 வரைக்கும் நார்மலாம் அண்ணி, உங்களுக்கு ரெண்டு கூட இல்ல" என்று சிரித்தார். அந்த 500 நானோகிராம் கணக்கு. என் லேபில் மைக்ரோகிராம் கணக்கு. அதில் எல்லையே 0.5தான். நானோகிராமில் சொன்னால் எனக்கு 1800. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற அலகைப் பார்க்காமல் யாரும் நிம்மதிப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். ஏனென்றால் கூடுதலாக இருந்தாலே கட்டி என்று அர்த்தமில்லை. எலும்பு முறிவு, ஆபரேஷன், கர்ப்பம், கிருமித் தொற்று, வயது எல்லாவற்றுக்கும் அது ஏறும். ஆபத்து குறைவானவர்களுக்கு நார்மல் என்று வந்தால் 'கட்டி இல்லை' என்று தைரியமாகச் சொல்ல உதவுமே தவிர, 'இருக்கிறது' என்று சொல்ல ஸ்கேன்தான் வேண்டும்.

இனி அந்த ஸ்கேன் சென்டர். மாடியில் இருந்தது, லிஃப்ட் இல்லை. கால் நோயாளிகளை வரச்சொல்லும் இடம்! கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினால், "டாக்டர் இப்ப வந்துருவாரு, உக்காருங்க" என்றார்கள். அந்த 'இப்ப' சாயங்காலம்தான் வந்தது. ஏ.சி.யில் விறைத்துப்போய்ப் படுத்திருந்தேன். மெஷினில் விசுக் விசுக்கென்று சத்தம் கேட்டதும் ஏதோ பெரிதாகப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். ரிப்போர்ட்டில் வரிக்கு வரி 'ட்ரைஃபேசிக்', 'ட்ரைஃபேசிக்'. மருத்துவர் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "இது ஆர்ட்டரிக்கு எடுத்ததும்மா. அதுல நல்லா ஓடுதுன்னு இருக்கு. எனக்கு வேணும்ங்கிறது வெயின்."

திரும்பப் போய்க் கேட்டால் கவுண்டரில் இருந்த பெண், "சீட்டுல டாப்ளர்னுதானே மேடம் போட்டிருக்கு" என்று பேச்சை முடித்துவிட்டார். நான் விடவில்லை. மேனேஜர் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் வெயின் டாப்ளருக்குப் பாதிப் பணம் போதும் என்றார்கள். பெரிய வெற்றி என்று வீட்டுக்கு போன் எல்லாம் போட்டுச் சொன்னேன்.

அந்தப் பாதிப் பணமும் வீண். ஸ்கேன் டாக்டர் தொடை இடுக்கு, தொடை, முழங்காலுக்குப் பின்பக்கம் என்று அழுத்திப் பார்த்தார், கெண்டைக்காலில் நாலு இடத்தில் வைத்தார், ஜெல்லைத் துடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். "சார், வலி உள்ளங்கால்ல" என்றேன். "வெயின் எல்லாம் கிளியர்மா" என்றார். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'இடது காலில் டி.வி.டி. இல்லை', அதாவது உள்ளே இருக்கிற வெயின்களில் ரத்தக்கட்டி இல்லை. என் மருத்துவர் கடைசி வரியைப் படிக்கவில்லை, மேலே இருக்கிற வரிகளைப் படித்தார். கணுக்காலுக்குக் கீழே ஒரு வெயினின் பெயர்கூட அதில் இல்லை. பார்க்காத இடத்தில் இல்லை என்று எப்படி எழுதினார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்தமுறை சீட்டில் 'வீனஸ் டாப்ளர், இடது கால், பாதம் உட்பட. உள்ளங்கால் வெயின்களைப் பார்க்கவும்' என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். நீங்களும் இப்படிக் கேட்டு வாங்குங்கள். வேறு சென்டரில், போனிலேயே "பாதம் வரைக்கும் பார்ப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனேன்.

இங்கே இருந்த பெண் டாக்டர் முதலில் என்னைக் கட்டில் ஓரத்தில் உட்கார்த்திக் காலைத் தொங்கவிடச் சொன்னார். தொங்கவிட்டால் வெயினில் ரத்தம் நிறைந்து நன்றாகத் தெரியுமாம்; குளிரில் அது சுருங்கிக்கொள்ளும் என்று ஏ.சி.யையும் குறைத்தார். மேலோட்டமாக இருப்பதைப் பார்க்கிற சின்ன ஸ்கேன் கருவியை (புரோப்) உள்ளங்காலில் வைத்தார். முதலில் வலது கால். திரையில் சின்னச் சின்னக் கறுப்பு வட்டங்கள். அழுத்தினார், நடுவில் இருந்த ஆர்ட்டரி மூடாமல் துடித்துக்கொண்டே இருந்தது, இரண்டு பக்கமும் இருந்த வெயின்கள் கண் சிமிட்டுவதுபோல மூடித் திறந்தன. பிறகு இடது கால். அழுத்தினார், இன்னும் அழுத்தினார், நான் கத்தியே விட்டேன். சுண்டுவிரல் பக்கத்து வெயின் மட்டும் மூடாமல் உப்பலாக அப்படியே இருந்தது; உள்ளே கட்டி இருந்தால் மூடாதாம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலர் போட்டார், அதற்குள் ஒரு பொட்டு நிறம்கூட ஓடவில்லை. "இதுதான் உங்க குதிகால் வலி" என்றார். பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.

இதிலும் தெளிவாகவில்லை என்றால் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எம்.ஆர்.ஐ. எடுப்பதாக இருந்தது. அதற்கு முன்னால் கிட்னி சரியாக இருக்கிறதா என்று கிரியேட்டினின் பார்ப்பார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஆரம்பித்தாயிற்று. அது ஓடும்போது கடையில் சொந்தமாக வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஸ்கேன், டோக்கன் எதற்கும் காத்திருக்காமல் நேரே எமர்ஜென்சிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

டாப்ளருக்கு வெறும் வயிறு தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே போங்கள். தொடை இடுக்கு வரை பார்ப்பார்கள் என்பதால் நைட்டியோ தளர்ந்த பாவாடையோ வசதி, ஆண்களுக்குக் கைலி. கட்டி மேலே கெண்டைக்காலுக்கு ஏறாமல் இருக்கிறதா என்று எனக்கு மறுபடி ஒரு ஸ்கேன் இருக்கிறது. அதே டாக்டர் இருக்கிற மாலையாகக் கேட்டு டோக்கன் போட்டுவிட்டேன். சென்டர் தரைத்தளத்தில்தான், படி இல்லை.