கோத்தகிரியில் ஆறு பழைய கணினிகள்: எதில் விண்டோஸ் 11, எதில் மின்ட்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியின் (படுகர் ஊரின்) படிப்பகத்தில் ஆறு டெஸ்க்டாப்கள். ஒன்று எட்டாம் தலைமுறை ஐ5, மூன்று மூன்றாம் தலைமுறை ஐ3, இரண்டு கோர் 2 டுவோ. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததும் எல்லாவற்றையும் காயலான் கடைக்குப் போடலாமா என்ற பேச்சு எழுந்தது. வேண்டியிருக்கவில்லை. ஐ5 விண்டோஸ் 11-க்கு ஏறியது. ஒரு ஐ3 விண்டோஸ் 10-லேயே நிற்கிறது. மற்ற நான்கிலும் விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 22, அதன் இலகுவான எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு ஓடுகிறது. மூன்று வார இறுதிகள் பிடித்தன. அதில் ஒரு நாள் எங்கள் அவசரத்தால் வீணானது.

மென்பொருளைத் தொடும் முன் ஈரத்தைக் கவனிக்க வேண்டும். மழைக்காலம் முழுக்க மூடிக் கிடந்த பெட்டியை எடுத்தவுடன் பிளக்கில் சொருகக் கூடாது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உலர்ந்த அறையில் ஒரு நாள் வைத்துவிட்டுத்தான் மின்சாரம் கொடுத்தோம். மலையில் தூசி தூசியாக இருப்பதில்லை, பனி ஈரத்தில் குழைந்து ஃபேன் இறகில் அப்பிக்கொள்கிறது. ஈரத்துணி வேண்டாம், உலர்ந்த பெயின்ட் பிரஷ் போதும். இரண்டு பெட்டிகள் பீப் அடித்துக்கொண்டு திரையே காட்டவில்லை. ராமைக் கழற்றி, அதன் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டியதும் இரண்டும் எழுந்தன.

அடுத்தது கடிகாரம். இடி மின்னலுக்குப் பயந்து இங்கே எல்லாரும் பிளக்கைப் பிடுங்கி வைப்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் பிளக் பிடுங்கியிருக்கும் நேரமெல்லாம் மதர்போர்டின் கடிகாரம் சி.ஆர். 2032 பட்டன் பேட்டரியைத்தான் தின்கிறது. பேட்டரி தீர்ந்தால் தேதி பயாஸின் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளின்) பழைய ஆண்டுக்குப் போய்விடும். அந்தத் தேதியோடு மின்ட் நிறுவினால், நிறுவல் ஒழுங்காக முடிந்து, பிறகு அப்டேட் செய்யும்போது ‘ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று நிற்கும். பிரவுசரும் எல்லாத் தளங்களுக்கும் சான்றிதழ் பிழை காட்டும். இணையத்தைக் குறை சொல்லி அலையும் முன் தேதியைப் பாருங்கள். மல்ட்டிமீட்டரில் பேட்டரி 3 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். ஆறில் நான்குக்கு மாற்றினோம்.

இனி அந்த ஐ5. விண்டோஸ் 11 கேட்பவை: டி.பி.எம். 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் அமைப்பு), செக்யூர் பூட் செய்யக்கூடிய யூ.இ.எஃப்.ஐ. (பயாஸின் புதிய வடிவம்), 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஐ5-8400 இந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆனாலும் சோதனை மென்பொருள் ‘தகுதியில்லை’ என்றது. காரணம் இரண்டு. டி.பி.எம். வேலையைச் செய்யும் பி.டி.டி. என்ற அமைப்பு பயாஸில் அணைந்திருந்தது. அதோடு, விண்டோஸ் 10-ஐ நிறுவியவர் யூ.இ.எஃப்.ஐ.-க்கு முந்தைய லெகசி முறையில், எம்.பி.ஆர். என்ற பழைய வகையில் பிரித்த டிஸ்க்கில் போட்டிருந்தார்.

பி.டி.டி. ஒரு நிமிட வேலை. டிஸ்க்தான் படுத்தியது. விண்டோஸிலேயே ‘எம்.பி.ஆர்.டூ.ஜி.பி.டி.’ என்ற கட்டளை இருக்கிறது, டேட்டா அழியாமல் ஜி.பி.டி. என்ற புதிய வகைக்கு மாற்றிக் கொடுக்கும். அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் முதலில் ‘வேலிடேட்’, தேறினால் ‘கன்வர்ட்’. இரண்டிலும் ‘அலோஃபுல்ஓஎஸ்’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். எங்களுக்கு வேலிடேட்டிலேயே தோற்றது. இந்தக் கட்டளைக்கு டிஸ்க்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் ஒன்றுகூட ஆகாது. நம் ஊர்க் கடைகளில் சி, டி, ஈ என்று பிரித்துக் கொடுக்கும் டிஸ்க்குகளில் டி-யும் ஈ-யும் பெரும்பாலும் எக்ஸ்டெண்டட்டுக்குள்தான் உட்கார்ந்திருக்கும்.

இரண்டிலும் இருந்ததை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இரண்டையும் அழித்தோம். மறுபடியும் தோல்வி. திரையை உற்றுப் பார்த்தபோதுதான் புரிந்தது: அழித்த இடத்தில் பச்சை நிறப் பட்டை அப்படியே இருந்தது. உள்ளே இருந்த டிரைவ்கள் போய்விட்டன, எக்ஸ்டெண்டட் என்கிற வெறும் ஓடு மிச்சம். அதையும் ரைட் கிளிக் செய்து அழித்து, பட்டை கறுப்பாகி ‘அன்அலொகேட்டட்’ என்று காட்டிய பிறகு வேலிடேட் தேறியது. மாற்றி முடித்ததும் டி டிரைவைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம்.

வரிசை முக்கியம். முதலில் டிஸ்க்கை மாற்ற வேண்டும், பிறகுதான் பயாஸில் பழைய முறைக்கு இடம்கொடுக்கும் சி.எஸ்.எம்.-ஐ அணைத்து யூ.இ.எஃப்.ஐ.-க்குப் போக வேண்டும். தலைகீழாகச் செய்தால் பூட் டிவைஸ் இல்லை என்று நிற்கும். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் பி.டி.டி.-யைத் தொடும் முன் நிறுத்தி வையுங்கள். கன்வர்ட் ஓடும் சில நிமிடங்களுக்கு யூ.பி.எஸ். உயிரோடு இருக்க வேண்டும். முன்கூட்டியே சுவர் ஸ்விட்சை அணைத்து, அது உண்மையில் தாங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. படிப்பகத்தின் யூ.பி.எஸ். பத்து விநாடிகூடத் தாங்கவில்லை. இரவல் வாங்கினோம்.

மூன்றாம் தலைமுறை ஐ3 மூன்றுக்கும் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. நிறுவல் பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருள் மூலம் சோதனையைத் தாண்டி நிறுவலாம், ஓடவும் ஓடும். நாங்கள் அந்த வழியில் போகவில்லை. இப்படி நிறுவிய கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பைப் பல ஜி.பி. இறக்கி, பென்டிரைவில் போட்டு நாமே ஏற்ற வேண்டியிருக்கும். சிக்னல் ஒரு ஜன்னலோரம் மட்டும் எடுக்கும் இடத்தில் அது நடக்கிற காரியமில்லை.

இவற்றில் ஒன்றில் பச்சைத் தேயிலைக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு மென்பொருளும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் விண்டோஸை விட்டால் வேலை செய்யாது. அதனால் அதை மட்டும் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 10 நீட்டிப்புத் திட்டத்தில் சேர்த்தோம்: விண்டோஸ் 10 பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைய வேண்டும், செட்டிங்ஸை பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. மற்ற இரண்டிலும் 8 ஜி.பி. ராம், 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி., மின்ட். ஒரு தொல்லையும் இல்லை.

கோர் 2 டுவோவில் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில்கூட நினைக்க வேண்டாம். 24எச்2 பதிப்பிலிருந்து பாப்கவுன்ட் என்ற சிப் கட்டளை கட்டாயம். இந்தச் சிப்களில் அது கிடையாது, பூட்டே ஆகாது. மின்ட் ஓடும். ஆனால் 2 ஜி.பி. ராமில் பிரவுசர் திறந்தால் மூச்சு முட்டும். ராம் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். ஜி41 சிப்செட் உள்ள மதர்போர்டில் டி.டி.ஆர்.3 ஸ்லாட் இருந்தாலும் எந்த 4 ஜி.பி. ராமும் சேராது. பக்கத்துக்கு எட்டாக, இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு சிப் உள்ள ராம்தான் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எட்டு சிப் உள்ள புது வகையை மாட்டினால் திரை வராது, வந்தாலும் பாதியைத்தான் காட்டும். அந்தச் சிப்செட் தாங்கும் அடர்த்தி சிப்புக்கு 2 ஜிகாபிட்தான். கடையில் ‘4 ஜி.பி. டி.டி.ஆர்.3’ என்று மட்டும் கேட்காமல், கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து எண்ணுங்கள்.

அதே போர்டில் எஸ்.எஸ்.டி. மாட்டிவிட்டு, ஏ.எச்.சி.ஐ. என்ற புதிய டிஸ்க் முறைக்கான ஆப்ஷனைத் தேடி பயாஸைக் குடைய வேண்டாம். பெரும்பாலான ஜி41 போர்டுகளில் இருக்கும் ஐ.சி.எச்.7 சிப்பில் அது இல்லை. பழைய ஐ.டி.இ. முறையிலேயே விடுங்கள், பழைய ஹார்டுடிஸ்க்கைவிட அப்போதும் பல மடங்கு வேகம்.

வீணான அந்த நாள் இங்கேதான். நிறுவல் முக்கால்வாசியில் ரீட் எரர் என்று நின்றது. எஸ்.எஸ்.டி.-யைச் சந்தேகித்தோம், கேபிளை மாற்றினோம், ராமை மாற்றி மாற்றிப் போட்டோம். கடைசியில் பார்த்தால், மொபைல் டேட்டாவில் விட்டு விட்டு இறங்கிய மின்ட்டின் ஐ.எஸ்.ஓ. நிறுவல் கோப்பே பழுது. கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் ஷா256 எண்ணை ஒப்பிட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கிட்டத்தட்ட 3 ஜி.பி. கோப்பு அது. டவுனில் ஃபைபர் இருக்கும் இடத்தில் மறுபடி இறக்கி, எண்ணைச் சரிபார்த்து, பென்டிரைவில் எழுதினோம்.

பழைய பயாஸில் பென்டிரைவ், பூட் பட்டியலில் தனியாக வராது. ‘ஹார்டுடிஸ்க் டிரைவ்ஸ்’ என்ற உட்பட்டியலைத் திறந்தால் இரண்டாவதாக ஒளிந்திருக்கும். முன்பக்க யூ.எஸ்.பி. போர்ட்டுகள் துருப்பிடித்திருக்க வாய்ப்புண்டு, பின்பக்கத்தில் சொருகுங்கள். நிறுவும்போது பழைய ஹார்டுடிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டால், தவறான டிஸ்க்கை அழிக்கும் பயமே இல்லை. வைஃபை டிரைவர் கிடைக்காத பெட்டிக்குப் போனை யூ.எஸ்.பி.-யில் இணைத்து டெதரிங் கொடுத்தோம், உடனே பிடித்துக்கொண்டது.

தமிழ் தட்டச்சுக்கு, கீபோர்டு லேஅவுட்டில் நேரடியாகச் சேர்க்கும் தமிழ்நெட்99 போதாது; அதில் தானாகப் புள்ளி விழாது. ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவி அதிலுள்ள தமிழ்99-ஐ எடுத்தோம். பழைய கோப்புகளெல்லாம் யூனிகோடு அல்லாத பாமினி ஃபான்ட்டில் இருந்தன. ஃபான்ட் இல்லாமல் திறந்தால், ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என ஆங்கிலக் குப்பையாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டதாக நினைத்து ஒருவர் அழிக்கவே போனார். பாமினி ஃபான்ட்டை நிறுவியதும் படிக்க முடிந்தது. அடிக்கடி திருத்தும் கோப்புகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றினோம்.

பிரிண்டர்களை முதலிலேயே பட்டியலிட்டிருக்க வேண்டும், கடைசியில் விட்டது தவறு. ஒன்றுக்கு லினக்ஸில் டிரைவரோடு மல்லுக்கட்ட மனமில்லாமல் விண்டோஸ் 11 கணினிக்கு நகர்த்தினோம். இன்னொன்று எச்.பி. லேசர்ஜெட் 1020. லினக்ஸில் எச்.பி. பிரிண்டரை ஓட்டும் எச்.பி.லிப் மென்பொருளோடு அதன் பிளகினையும் தனியாக இறக்க வேண்டும், எச்.பி.லிப் பதிப்பு மாறினால் பிளகினையும் மறுபடி போட வேண்டும். இந்த வகை பிரிண்டர் தன்னை இயக்கும் ஃபர்ம்வேர் மென்பொருளை உள்ளே வைத்துக்கொள்வதில்லை, ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் கணினியிலிருந்துதான் ஏற்றிக்கொள்கிறது. கரண்ட் ஒரு நொடி போய் வந்தால் கணினி யூ.பி.எஸ்.-ஸில் ஓடிக்கொண்டிருக்கும், பிரிண்டர் மட்டும் எல்லாவற்றையும் மறந்துபோய் ஊமையாக நிற்கும். அதன் மேல் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: ‘அடிக்கவில்லையா? யூ.எஸ்.பி. வயரைப் பிடுங்கி, பத்து எண்ணி, மறுபடி சொருகவும்.’