புதுக் கன்றுகள் வரும் காலம்

அக்டோபர் 21
லெத்பிரிட்ஜ் பக்கம் ஏலச்சந்தை சூடுபிடித்துவிட்டது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் இலையுதிர்காலம் என்றாலே கன்று லாரிதான். இன்று எங்கள் கொழுக்கவைக்கும் பண்ணைக்கு வந்தவை ஒவ்வொன்றும் சுமார் 250 கிலோ. தாய்மடியை விட்டுப் பிரிந்த சூட்டிலேயே சந்தை, லாரி, முன்பின் தெரியாத பட்டி. பால் மறந்த மாடுகளைத் தீனி தண்ணீர் இல்லாமல் 36 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது கனடாவின் போக்குவரத்து விதி. அதற்குள் வந்தவையும் விலாக்குழி விழுந்துதான் இறங்குகின்றன.

இன்றைக்கு ஊசி கிடையாது. தண்ணீர், நீளமான உலர்புல், காய்ந்த வைக்கோல் படுக்கை, அவ்வளவுதான். ஓடையில் குடித்து வளர்ந்தவற்றுக்குத் தொட்டி புதிது. தொட்டியில் தண்ணீரை நிறுத்தும் மிதவையை அழுத்திக் கட்டி, தண்ணீர் சலசலவென்று வழியும்படி விட்டேன். சத்தம் கேட்டு ஒன்று வந்தால் மற்றவை பின்னாலேயே வரும்.

அக்டோபர் 22
காதுவில்லை, குடற்புழு மருந்து, ஐபிஆர் (மூச்சுப்பாதை வைரஸ் நோய்), பிவிடி (வைரஸ் கழிச்சல் நோய்) தடுப்பூசிகள். பல பண்ணைக் கன்றுகள் கலந்த கூட்டம் என்பதால் நுரையீரல் நோய் வராமலிருக்க எல்லாவற்றுக்கும் டுலாத்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் போட மருத்துவர் சீட்டு எழுதியிருக்கிறார். 2018 டிசம்பரிலிருந்து மனித மருத்துவத்துக்கு முக்கியமான எந்த ஆன்டிபயாடிக்கும் சீட்டு இல்லாமல் கிடைக்காது. நல்லதுதான்.

அக்டோபர் 24
பாதிக் கன்றுகள் உடல் எடையில் ஒரு சதவீதம்கூடத் தின்னவில்லை. தேறிவிட்டால் இரண்டரை சதவீதம் தின்னும். தின்பதே கொஞ்சம் என்பதால் புரதம் 14, 15 சதவீதமாவது இருக்க வேண்டும். சீக்கிரம் தேறட்டும் என்று பார்லியை அள்ளிக் கொட்டினால் வயிறு புளித்துப் படுத்துவிடும். சைலேஜை, அதாவது புளிக்கவைத்த பசுந்தீவனத்தை, முகர்ந்துவிட்டு நகர்கின்றன. மேலே உலர்புல் தூவினோம். புல்லை இழுக்கும்போது சைலேஜும் கொஞ்சம் வாய்க்குள் போகிறது.

அக்டோபர் 27
தீவன வண்டி வரும் நேரத்தில் பார்த்தால்தான் நோய் தெரியும். ஆள் நெருங்கினால் காய்ச்சல் கன்றும் தலையைத் தூக்கிக்கொண்டு ஒன்றுமே இல்லாததுபோல் நிற்கும். அதனால் வேலிக்கு வெளியே நின்றேன். எல்லாம் தொட்டிக்கு ஓட, கறுப்புக் கன்று ஒன்று மட்டும் காது தொங்கி, மூக்கில் சளியோடு, வாயில் புல்லை வைத்துக்கொண்டு மெல்லாமல் நின்றது. காய்ச்சல் 40.8 டிகிரி. மருத்துவர் ஃபோனில் சொன்னபடி வேறொரு ஆன்டிபயாடிக், கூடவே வலியும் வீக்கமும் குறைக்கும் மெலாக்சிகாம். தனிப்பட்டிக்கு மாற்றியாயிற்று.

அக்டோபர் 30
கறுப்புக்குச் சூடு 39.2-க்கு இறங்கிவிட்டது. தின்கிறது, இருமல் மட்டும் விடவில்லை. மற்றவை தொட்டியை நக்கி வைத்திருக்கின்றன. பார்லியை ஏற்றலாம் என்கிறார் மேலாளர். சாணம் இளகி நுரைத்திருக்கிறது, இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். நாளை அடுத்த லாரி வருகிறது. அதைத் தள்ளியிருக்கும் பட்டியில் இறக்கச் சொல்லியிருக்கிறேன், இவற்றோடு கலக்க வேண்டாம்.