பாட்டிலுக்குக் கணக்கு உண்டு, தூக்கத்துக்கு?

கிருஷ்ணகிரியில் கேஆர்பி அணையைத்தான் நாங்கள் பெரிய தண்ணீர் என்போம். நான் பார்க்கும் வேலையோ, மத்தியதரைக் கடலில் வாடகைக்கு ஓடும் சொகுசுப் படகுகளுக்கு ஆள் ஏற்பாடு செய்வது. வீட்டிலிருந்தே பார்க்கலாம். மே முதல் செப்டம்பர் வரை சீசன். பிரான்சின் ஆண்டீப் துறைமுகத்தில் காலை 8 மணி என்றால் இங்கே 11.30. அப்போது தொடங்கும் போன் நள்ளிரவு வரை ஓயாது.

சான்றிதழ், மருத்துவத் தகுதி, விசா தேதிகளைப் பார்ப்பது பழகினால் எளிது. என் மனதை உறுத்துவது வேறு.

ஒரு வாரத்துக்குப் படகு எடுப்பவர் வாடகை போக, பெரும்பாலும் அதில் 30 சதவீதம் அளவுக்கு முன்பணமும் கட்டுவார். ஏபிஏ என்போம். டீசல், சாப்பாடு, மது, துறைமுகக் கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான். கேப்டன் பில்லோடு கணக்குக் காட்டி மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். ஒரு பாட்டில் கூடினாலும் கேள்வி வரும். ஆட்கள் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்ற தாளை மட்டும் யாரும் புரட்டுவதில்லை.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, 7 நாளில் 77 மணி நேரம். அந்த 10 மணி நேரத்தை அதிகபட்சம் இரண்டாகத்தான் பிரிக்கலாம். அதில் ஒன்று 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஒரு படகிலிருந்து வாரம் முழுக்க ஒரே நேரங்கள் எழுதிய தாள் வந்தது. அப்படி ஒரு வாரம் கடலில் நடக்கவே நடக்காது. பணிப்பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். விருந்தினர் அதிகாலை 3 மணி வரை விழித்திருக்கிறார்கள். 7 மணிக்குக் காலை உணவு. இரண்டுக்கும் அவர்தான். கூடுதலாக ஆள் அனுப்பலாமென்றால் படுக்க இடமில்லை. பணியாளர் அறைகள் நிரம்பிவிட்டன. அப்புறம் கேப்டனோடு பேசி, இரவுக்கு ஒருவர், காலைக்கு ஒருவர் என்று பிரித்தோம். மதியத் துணி தேய்ப்பு டெக் பையன்களுக்குப் போனது. கேப்டனுக்குக் கோபம்தான். ஆனால் தூங்காத ஆள் வழுக்கும் தளத்தில் தட்டோடு நடப்பது ஆபத்து. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

போன மாதம் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு பையன் தன் அம்மாவோடு வந்தான். ஓசூரில் ஓட்டல் வேலை பார்த்தவன். படகில் பரிமாற அது நல்ல அனுபவம். அவன் சம்பளத்தைக் கேட்டான். அந்த அம்மா, "தம்பி, புள்ளைய நேரத்துக்குத் தூங்க விடுவாங்களா?" என்றார். இத்தனை வருஷத்தில் படகு உரிமையாளர் தரப்பில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. சட்டத்தில் உள்ளதையும் நடைமுறையில் உள்ளதையும் இரண்டையும் சொன்னேன்.

வேலை வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் அவர்களிடம் பெரிய தொகை கேட்டிருக்கிறார். கொடுக்காதீர்கள் என்றேன். மருத்துவப் பரிசோதனை, பாஸ்போர்ட், கடலோடிப் புத்தகம் போன்றவற்றின் செலவு நம்முடையது. வேலைக்கென்று கட்டணம் வாங்க அந்த உடன்படிக்கையே தடை போடுகிறது. கடல் வேலைக்கு ஆள் எடுக்க கப்பல் துறை தலைமை இயக்குநரகம் தரும் ஆர்பிஎஸ்எல் உரிமம் அந்த ஏஜென்ட்டிடம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன்.

பையன் இப்போது சென்னையில் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறான். ஓய்வுத் தாளில் உண்மையான நேரம் இல்லாமல் கையெழுத்துப் போடாதே, நகலை வாங்கி வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். "சரிங்கண்ணா" என்றான். அம்மாதான் மறுபடியும் கேட்டு, 10, 77 என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார்.