கொழுப்புக்கு நடுவே

ஏப்ரல் 15
எலிக் கொழுப்பில் ஒரு புரதத்தின் மேல் பாஸ்பேட் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை நொதிகள் பிய்த்துவிடாமல் காக்கும் ஆர்த்தோவனடேட் இன்றும் மஞ்சள். பி.எச். 10-ல் நிறுத்திக் கொதிக்க வைத்தால் நிறம் போகிறது, ஆறியபின் பி.எச். சரிசெய்ய ஒரு துளி அமிலம் விட்டால் திரும்பி வருகிறது. மூன்றாம் தடவைதான் தண்ணீராகத் தெளிந்தது. மஞ்சளோடு பஃபரில் (திசுவை அரைக்கும் கரைசல்) விட்டால், புரதத்தில் பாஸ்பேட் ஒட்டும் அமினோ அமிலங்களில் ஒன்றான டைரோசினுக்குக் காவல் இல்லை. இன்னொன்றான செரினுக்குக் காவல் சோடியம் ஃப்ளோரைடு, 50 மில்லிமோலார். இரண்டும் வேண்டும்.

ஏப்ரல் 16
அந்தப் பாஸ்பேட்டை அடையாளம் காட்டும் ஆன்டிபாடி வரவில்லை.

ஏப்ரல் 18
வெயில் கொளுத்துகிறது. ஐஸ் பெட்டியில் பாதி தண்ணீர்.

எலியின் விதையை ஒட்டிய கொழுப்பு 100 மில்லிகிராம், பஃபர் 300 மைக்ரோலிட்டர். அரைத்து 4 டிகிரியில் 15 நிமிடம் சுற்றினால் மூன்று அடுக்கு: மேலே வெண்ணெய் போலக் கொழுப்பு, அடியில் கசடு, நடுவே கலங்கல் நீர். வேண்டியது அந்த நடுநீர் மட்டும். உறிஞ்சுகுழாயின் டிப்பை மேலிருந்து இறக்கினால் கொழுப்பும் ஒட்டிக்கொண்டு வரும், புரத அளவு பொய்யாகக் கூடும். ஊசியால் மேலடுக்கை ஓரமாகக் குத்தி உறிஞ்ச வேண்டும், இரண்டு தடவை சுற்ற வேண்டும். அறைச் சூட்டில் இரண்டு நிமிடம் வைத்தாலும் மேலடுக்கு இளகிக் கீழே கலந்துவிடும். இன்று ஆறில் இரண்டு குழாய் அப்படித்தான் போயின.

ஏப்ரல் 19
ராத்திரி கரண்ட் போயிற்று. ஃப்ரீசர் மைனஸ் 61. கதவைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 20
எல்லாம் ஒரே ஒரு பாஸ்பேட்டுக்காக. கொழுப்பு செல்லில் மரபணுக்களை எழுப்பும் ஏற்பிப் புரதமான பிபிஏஆர்-காமாவில் 273-ஆம் செரின். உடல் பருத்து, கொழுப்புத் திசுவில் அழற்சி மூண்டால் சிடிகே5 என்ற நொதி அங்கே பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. புரதம் செத்துப்போவதில்லை, அது எழுப்பும் மரபணுக்களில் சில மட்டும் தளர்கின்றன, கொழுப்புத் திசு சுரக்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, இன்சுலின் சொல் எடுபடாமல் போகிறது. 2010-ல் இது வெளிவந்தது. ரோசிக்ளிட்டசோன் என்ற சர்க்கரை நோய் மருந்து அந்த ஒட்டுதலைத் தடுக்கிறது. ஆனால் ஏற்பியையும் முழுசாகத் தட்டி எழுப்பிவிடுவதால் உடம்பில் நீர் தங்கும், எடை கூடும். இதயத்துக்கு ஆபத்து என்ற பயத்தில் அதே 2010-ல் இந்தியாவில் அதைத் தடை செய்தார்கள். அடுத்த வருஷம் வந்த எஸ்ஆர்1664 என்ற சேர்மம் எலிகளில் பாஸ்பேட்டை மட்டும் தடுத்தது. இரண்டையும் பிரிக்க முடியும் என்று காட்டியதே பெரிய விஷயம்.

எடை மெஷின் இதைச் சொல்லாது. ஒரே எடையுள்ள இரண்டு பேரின் கொழுப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஏப்ரல் 23
அழகர் ஆற்றில் இறங்கினார். பாலத்தில் வண்டி விடவில்லை. ஆன்டிபாடி பார்சல் அக்கரையில்.

ஏப்ரல் 24
வந்தது. ஐஸ் பை உருகியிருந்தாலும் தொட்டால் குளிர்ச்சி. பாதி கிளிசரால் என்பதால் மைனஸ் 20-ல் உறையாது, பிழைத்தோம்.

ஏப்ரல் 26
புரதங்களை எடைவாரியாகப் பிரித்த படத்தில் 50 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) கொழுத்த பட்டை! அது நம் பாஸ்பேட் அல்ல. புரதத்தைப் பிடித்திழுத்த ஆன்டிபாடியின் பெரிய துண்டு, கனச்சங்கிலி. நம் புரதம் 53-லிருந்து 57 வரை, அதன் நிழலிலேயே ஒளிந்துகொள்கிறது. அதன் சிறிய துண்டான லேசான சங்கிலியை மட்டும் காணும் இரண்டாம் ஆன்டிபாடி போட வேண்டும். ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்கப் பால்பவுடரில் பிளாக் பண்ணியதும் தப்பு: பாலிலுள்ள கேசினே பாஸ்பேட் சுமக்கும் புரதம். அதற்குப் பதில் 5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்).

ஏப்ரல் 27
57-க்குப் பக்கத்தில் மெல்லிசாக ஒரு கோடு. கொழுப்புத் தீனி தின்ற எலிகளில் மட்டும்.

ஏப்ரல் 28
அது பாஸ்பேட்தானா? பாஸ்பேட்டைப் பிய்க்கும் நொதியான லாம்டா பாஸ்பேட்டேஸ், 30 டிகிரி, 30 நிமிடம். கோடு மறைய வேண்டும். ஆனால் இருக்கிற சாம்பிள் எல்லாவற்றிலும் ஃப்ளோரைடும் வனடேட்டும் கலந்திருக்கின்றன. அவை இந்த நொதியையும் முடக்கும். காவலே இல்லாத பஃபரில் புதிதாக அரைக்க வேண்டும். மிச்சமிருக்கும் கொழுப்பு 40 மில்லிகிராம்.

ஏப்ரல் 29
ஐஸ் சொல்லியாயிற்று. ஆறு மணிக்கு.