மூன்று ரெட் கார்டுக்குள் 20 கிலோமீட்டர்

20 கி.மீ. நடைப்போட்டியை 1 மணி 20 நிமிடத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்கு 4 நிமிடம். நிமிடத்துக்கு 200 அடி வைத்தால் ஓர் அடி 1.25 மீட்டர். இந்த வேகத்தில் யாருடைய காலும் முழுநேரம் தரையோடு ஒட்டியிருக்காது. ஸ்லோமோஷனில் பார்த்தால் இரண்டு பாதமும் மேலே இருப்பது தெரியும். வெறும் கண்ணுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான் விதி. விதி மீறினால் நடுவர் போடுவதுதான் ரெட் கார்டு, மூன்று சேர்ந்தால் தகுதிநீக்கம். நடுவர் கேமரா பார்த்துக் கார்டு போட முடியாது. இரண்டாவது விதி இன்னும் கறாரானது: முன்கால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்பு அதற்கு நேர்மேலே வரும்வரை முட்டி மடங்கக் கூடாது.

அரைக்கால் ஷார்ட்ஸே போடுங்கள். முட்டி மறைந்தால் நடுவருக்குச் சந்தேகம்தான் வரும். வார்ம்-அப்பில் குதிகால் நடையும் இடுப்பு சுழற்றலும் போதுமான அளவு செய்யாவிட்டால், முதல் 2 கிலோமீட்டரிலேயே கணைக்காலின் முன்தசை எரிய ஆரம்பிக்கும்; அப்புறம் பாதத்தைத் தூக்கிக் குதிகாலில் இறக்கவே முடியாது.

கார்டு எங்கே விழுகிறது என்று கவனித்தால் மூன்று இடம் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, யூ-டர்ன் தாண்டி வேகம் பிடிக்கும் பத்துப் பதினைந்து மீட்டர். இரண்டு, யாரையாவது முந்தும்போது. மூன்று, 15 கி.மீ.க்குப் பிறகு. முதல் இரண்டிலும் பாதம் மேலே எழும். மூன்றாவதில் தொடையின் பின்தசை களைத்து முட்டி மடங்கும். வேகம் வேண்டுமென்று அடியை முன்னால் நீட்டுவதுதான் பெரிய தப்பு. குதிகால் உடம்புக்கு வெகுமுன்னால் இறங்கினால் அதுவே பிரேக், அந்த அதிர்ச்சியில் முட்டியும் தளரும். நீளம் இடுப்பு சுழல்வதிலிருந்தும் பின்கால் தள்ளுவதிலிருந்தும் வரட்டும். முழங்கை 90 டிகிரி. கை இடுப்பிலிருந்து நெஞ்செலும்பு வரை போதும். அதற்குமேல் போனால் தோள் ஏறும், தோளோடு உடம்பும் ஏறும்.

மஞ்சள் அட்டை எச்சரிக்கை மட்டும்தான். அலைக்கோடு இருந்தால் தரை விட்டது, கோணக்குறி இருந்தால் முட்டி. பார்த்ததும் சட்டென்று வேகத்தைக் குறைக்காதீர்கள், தாளம் உடைந்து இன்னும் கோணலாகும். கையைத் தாழ்த்தி, அடியைச் சுருக்கி, நூறு மீட்டர் அப்படியே போங்கள். ரெட் கார்டை யாரும் முகத்துக்கு நேரே காட்டமாட்டார்கள். நடுவர் எழுதித் தலைமை நடுவருக்கு அனுப்புவார். அது பாதையோரம் யாருக்கு எத்தனை கார்டு என்று காட்டும் போர்டில் ஏறிய பிறகுதான் நமக்குத் தெரியும். ஆகவே போர்டில் ஒன்று இருந்தால் இரண்டு என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நடுவர் ஒருவருக்கு இரண்டு ரெட் கார்டு போட முடியாது. ஆனாலும் வந்த கார்டு மற்றவர்கள் கண்ணுக்கும் தெரிந்த குறையாகத்தான் இருக்கும்.

இந்தத் தாமதம் தங்கத்தையே பறித்திருக்கிறது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 20 கி.மீ.யை முதலில் முடித்தவர் மெக்சிகோவின் பெர்னார்டோ செகுரா. தகுதிநீக்கச் செய்தி கோட்டைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு வந்தது. தங்கம் போலந்தின் ராபர்ட் கோர்ஸெனியோவ்ஸ்கிக்குப் போனது. ஒரு வாரத்தில் 50 கி.மீ.யையும் அவரே வென்றார். அவரும் 1992 பார்சிலோனாவில் 50 கி.மீ.யில் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தபோது கடைசிக் கட்டத்தில் வெளியேற்றப்பட்டவர்தான். அதன்பின் 1996, 2000, 2004 என மூன்று ஒலிம்பிக்கிலும் 50 கி.மீ. தங்கம். நுட்பத்தைத் திருத்த இத்தனை வருடம் கொடுத்தவர் என்பதால்தான் இளையவர்களுக்கு அவருடைய நடையைப் போட்டுக் காட்டுவோம்.

இப்போது பிட் லேன் (தண்டனை நேரத்தைக் கழிக்கும் ஓரப் பகுதி) உள்ள போட்டிகளில் மூன்றாவது கார்டுக்கு உடனே வெளியேற்றாமல், 20 கி.மீ.யில் 2 நிமிடம் அங்கே நிற்க வேண்டும். நான்காவது வந்தால் வெளியே. நின்ற கால் இறுகிவிடும், திரும்ப இறங்கியதும் இழந்த நேரத்தைத் துரத்தாதீர்கள். நான்காவது கார்டு அங்கேதான் காத்திருக்கிறது.

கடைசி 100 மீட்டரில், முன்னால் ஒரு கார்டுகூட இல்லாவிட்டாலும், நடை வெளிப்படையாகத் தப்பினால் தலைமை நடுவர் தனியாகவே தகுதிநீக்கம் செய்யலாம். அதனால் முடிவு வேகத்தை ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே, நீளத்தைக் கூட்டாமல் அடிகளை மட்டும் கூட்டி எடுத்துவிடுங்கள்.