மாட்டிக்கொண்ட வால்வும் ஒரு கொட்டாங்குச்சியும்

டிசம்பர் 4, 2024, புதன்

ஃபெஞ்சல் புயல் மழையில் ஞாயிற்றுக்கிழமை போன கரண்ட் இன்னும் வரவில்லை. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து கிடக்கிறது. ஆனால் காப்பிப் பழத்துக்கு இதெல்லாம் தெரியுமா? மழை குடித்துச் செடியிலேயே வெடிக்கிறது. இன்று ஆள் வைத்து ஆறு மூட்டை பறித்தாயிற்று. அராபிகா பழத்தை அன்றன்றே பல்பரில் விட்டுத் தோல் நீக்கிவிட வேண்டும். மோட்டார் ஓட வழியில்லை. ஷெட்டின் மூலையில் இரண்டு வருடமாகத் தூங்கும் 5 ஹெச்.பி. டீசல் என்ஜினைத் துடைத்துச் சுற்றினேன்.

ஹேண்டில் பஞ்சு மாதிரிச் சுற்றியது. சுலபமாகச் சுற்றுவதற்காக அழுத்தத்தை விடுவித்து வைக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தட்டி மூடிய பிறகும் அழுத்தமே இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வீம்புக்கு இன்னும் நாலு சுற்று சுற்றினேன். 'டக்' என்று ஒரு சத்தம். மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தால் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு கீழே இறங்கியபடியே நிற்கிறது, ஸ்பிரிங்கால் அதை மேலே இழுக்க முடியவில்லை. வால்வைத் தள்ளித் திறக்கும் புஷ் ராடு இடம் விட்டு நழுவி வளைந்திருக்கிறது.

சேலத்து மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "வால்வு இருக்கற ஹெட்டையே செட்டா மாத்திடுங்கண்ணா, எட்டாயிரம் ஆகும். ரோடு சரியானாத்தான் வர முடியும்" என்றார். பறிப்புக் கூலி கொடுத்தது போக என் கையில் இருப்பது 1,800 ரூபாய்.

ஆறு மூட்டையையும் களத்தில் அப்படியே கொட்டிப் பரப்பினோம். இனி அது தோல் நீக்கிக் காயவைத்த பார்ச்மென்ட் இல்லை, பழமாகவே காயும் வெறும் செர்ரி. விலையும் அதற்குத் தகுந்த மாதிரிதான்.

டிசம்பர் 5, வியாழன்

பக்கத்துத் தோட்டத்து மாமா வந்தார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். என்ஜினைத் தொடவே இல்லை, நேராகச் சைலன்சர் குழாயைத்தான் அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் மாப்ளே, இது மேல கவுத்தியிருந்த கொட்டாங்குச்சி எங்க?"

எங்கே போனதோ! தகரக் கூரையின் ஓட்டை வழியாக அந்தக் குழாய் வானத்தைப் பார்த்து நிற்கிறது. கடைசியாக நிறுத்தியபோது எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் நின்றிருக்கிறது. இரண்டு வருட மழையும் பனியும் குழாய் வழியாகவே இறங்கி, வால்வுத் தண்டுக்கும் அது ஏறி இறங்கும் குழலான கைடுக்கும் நடுவே துருவாகி, ஏற்கெனவே இருந்த கரியோடு சேர்ந்து சிமென்ட் போலப் பிடித்துக்கொண்டது. இந்த மலைப் பனிக்கு ஒரு கொட்டாங்குச்சி போதும். அதைத்தான் நான் வைக்கவில்லை.

மண்ணெண்ணெயில் கொஞ்சம் என்ஜின் ஆயில் கலந்து கைடைச் சுற்றி ஊற்றினோம். மணிக்கொரு தரம் ஊற்று, அவ்வளவுதான் இன்றைக்கு வேலை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டிசம்பர் 6, வெள்ளி

ஹெட்டைக் கழற்றித் திண்ணைக்குக் கொண்டுவந்தோம். சுத்தியலை எடுத்தேன், மாமா பிடுங்கி வைத்துவிட்டார். தண்டின் நுனியில் இரும்பால் அடித்தால் அது காளான் மாதிரி விரிந்துவிடும், அப்புறம் கைடு வழியாக வெளியே வராது. கொதிநீரை ஊற்றிச் சூடேற்றி, திரும்ப மண்ணெண்ணெய் விட்டு, சில்வர் ஓக் கட்டையை நுனியில் வைத்து மெல்லத் தட்டினோம். வால்வுத் தலையைத் திருப்பிப் பார்ப்பது, தட்டுவது, மறுபடி ஊற்றுவது என்று காலையெல்லாம் போனது. மதியத்துக்கு மேல் ஒரு நூல் அளவு அசைந்தது. பிறகு காப்பிக்கொட்டை அளவு. சாயங்காலம் ஐந்து மணிக்குச் செங்கல் நிறத் தண்ணீர் ஒழுக வெளியே வந்தது. தண்டு முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழி. கைடு தப்பித்தது, வால்வுதான் போச்சு.

டிசம்பர் 7, சனி

பைக்கில் சேலம். 20 கொண்டை ஊசி வளைவும் ஒரே சேறு, முதல் கியரிலேயே இறங்கினேன். செவ்வாய்ப்பேட்டையில் இரண்டு கடை ஏறி இறங்கி எக்ஸாஸ்ட் வால்வு 380, கிரைண்டிங் பேஸ்ட் 110, எமரித் தாள் 30. புஷ் ராடை லேத் பட்டறையில் நிமிர்த்த 100. பெட்ரோல் 200. தட்டு வடை செட் 40, அதையும் செலவுக் கணக்கில்தான் எழுதுவேன். ஆக 860.

ஹெட்டுக்கு அடியில் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கட் வாங்கவில்லை. பழையது செம்பு.

டிசம்பர் 8, ஞாயிறு

அந்தச் செம்பு கேஸ்கட்டை விறகடுப்பில் மங்கலாகச் சிவக்கும்வரை காட்டித் தண்ணீரில் போட்டேன். இரும்பு இப்படிச் செய்தால் இறுகும், செம்பு இளகும். இளகினால்தான் மறுபடி அழுந்திப் பிடிக்கும். "சோறு வடிக்கிற அடுப்புல என்னத்தக் காய்ச்சறீங்க?" என்று வீட்டில் கேட்டாள். சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

வால்வு உரசும் ரப்பர்க் குச்சி என்னிடம் இல்லை. தண்டில் டீசல் ஹோஸ் துண்டு ஒன்றை இறுக்கமாக மாட்டி, உட்காரும் விளிம்பில் பேஸ்ட் தடவி, மோர் கடைகிற மாதிரி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டினேன். அவ்வப்போது தூக்கி, கொஞ்சம் திருப்பி வைத்து, திரும்பவும். முதலில் கரகரவென்றிருந்த சத்தம் போகப் போகக் குழைந்தது. துடைத்துப் பார்த்தால் வால்வில் ஒன்று, சீட்டில் ஒன்றாக, அறுபடாத சாம்பல் நிற வளையம். பேஸ்ட் துளி மிஞ்சினாலும் சிலிண்டரைத் தின்றுவிடும் என்பதால் மூன்று முறை கழுவினேன். ஸ்பிரிங் மாட்டி, எக்ஸாஸ்ட் துவாரத்தில் மண்ணெண்ணெய் நிரப்பிப் பத்து நிமிடம் வைத்தேன். கீழே ஒரு சொட்டு கசியவில்லை.

ஹெட் நட்டுகளை எதிரெதிராக, மூன்று சுற்றில் இறுக்கினோம். வால்வு இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் மாமாவுடையது. எக்ஸாஸ்ட் பக்கம் சூட்டில் அதிகம் நீளும் என்று அங்கே இடைவெளியைக் கூடுதலாக விட்டார்.

ராத்திரி எட்டரைக்குக் கரண்ட் வந்துவிட்டது.

டிசம்பர் 9, திங்கள்

கரண்ட் இருந்தால் என்ன, ஓட்டாமல் விட முடியுமா? மாமாவும் காலையிலேயே வந்து நின்றுவிட்டார். சுற்றினேன், லீவரைத் தட்டினேன். ஹேண்டில் கையை எதிர்த்துத் தள்ளியது. இரண்டாவது முயற்சியில் 'டுப்' என்று பிடித்தது. அதே நொடியில் கூரைக்கு மேல் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். நேற்று ராத்திரி நினைவாகக் குழாய் மேல் கவிழ்த்த புதுக் கொட்டாங்குச்சி களத்தைத் தாண்டிப் பறந்து மிளகுக்கொடிக்குள் விழுந்தது. நாய் நாகலூர்ப் பக்கம் ஓடியது, மத்தியானம்தான் திரும்பி வந்தது.